பொன்னியோடு அணைக்கரையில் ராத்தங்கல்

ஆழியாறு வேண்டாம், அமராவதி வேண்டாம், பவானிசாகர் வேண்டவே வேண்டாம். நாயைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்க் கரையில் கூடாரம் போட நல்ல இடம் எது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். கேட்டதும் முகம் வாடிவிடும். கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றதும் இந்த மூன்று பெயர்கள்தான் வாயில் வரும். ஆழியாறு பூங்காவில் புளிசாதத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டு, வெளியே மீன் வறுவல் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

ஆனால் அணைப் பூங்கா என்பது பகலுக்கானது. பொழுதோடு விசில் அடித்து எல்லாரையும் கிளப்பிவிடுவார்கள். நாயை உள்ளே விடுவார்களா என்பதையும் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், இந்த அணைகளுக்குப் பின்னால் இருப்பது காடு. ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி மூன்றுக்கும் மேலே ஆனைமலைப் புலிகள் காப்பகம். பவானிசாகருக்குப் பின்பக்கம் 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் காடு. யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க இறங்கும் கரை அது. அமராவதி அணைக்குள் முதலைகள் உண்டு, பக்கத்திலேயே முதலைப் பண்ணையும் இருக்கிறது. கரையில் குனிந்து தண்ணீரை நக்குகிற நாயை முதலை எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிறுத்தைக்கு நாய் என்றால் தனி ருசி. காட்டோரத் தோட்டங்களில் சிறுத்தை வந்து போன செய்தி பெரும்பாலும் ஒரு நாய் காணாமல் போனதில்தான் ஆரம்பிக்கும். யானை விஷயம் வேறு மாதிரி. நாய் குரைத்துக்கொண்டே யானையை நோக்கி ஓடும். யானை திரும்பி ஒரு அடி எடுத்து வைத்ததும் அதே வேகத்தில் நம் காலடிக்கே வந்து ஒளிந்துகொள்ளும். பின்னால் யானையும் வரும்.

நாயால் காட்டுக்கு வரும் கேடும் சின்னதல்ல. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் ஏறத்தாழ 1,000 சிங்கங்களைக் கொன்றது. 2018-இல் நம் குஜராத் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோதும் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். காப்பகத்துக்குள் நாயை விடமாட்டேன் என்று வனத்துறையினர் சொன்னால் அவர்களோடு வாக்குவாதம் செய்ய எனக்கு மனசு வராது.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று தோன்றாது. நம் பக்கம் முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் கையில் இருப்பது இரண்டே பொருள்: தலையில் மாட்டும் டார்ச்சும் ஒரு நாயும். ராத்திரி காட்டோரத்தில் நாயோடு, நெற்றியில் லைட்டோடு நடந்தால் கூடாரம் போட வந்தேன் என்று விளக்கிச் சொல்வதற்குள் விடிந்துவிடும். அப்புறம் அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்காக வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து போட்டு வைப்பார்கள். சட்டவிரோதம்தான், ஆனாலும் கோவை, சத்தி காட்டோரங்களில் யானைகளே அதைக் கடித்துச் செத்திருக்கின்றன. கீழே கிடப்பதை எல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும் நாயை அங்கே கூட்டிப்போக எனக்குத் துணிச்சல் இல்லை.

எங்கள் பொன்னி அப்படிப்பட்டவள். சிங்காநல்லூர் தெருவில் பிறந்த செவலை நிற நாட்டு நாய், 18 கிலோ. ராஜபாளையம் போல உயரமும் இல்லை, லேப்ரடார் போல எல்லோரிடமும் குழைவதும் இல்லை. தண்ணீர் என்றால் உயிர். ஆட்டைக் கண்டால் காது இரண்டும் நட்டுக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயம்தான் எங்கள் திட்டம் முழுவதையும் தீர்மானிக்கிறது.

நாங்கள் போவது கிழக்கே, தாராபுரம் பக்கம். உப்பாறு அணையை ஒட்டி என் சின்ன மாமாவின் தோட்டமும் சாளையும் (தோட்டத்து வீடு) இருக்கின்றன. காடு கிடையாது, யானை கிடையாது. அணையின் நிலம் அரசாங்கத்தினுடையது, கரைமேல் கூடாரம் அடிக்க நமக்கு உரிமை இல்லை. அதனால் மாமாவின் பட்டா நிலத்தில், தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், வேம்படியில் கூடாரம். உங்களுக்கு அந்தப் பக்கம் மாமா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கொங்கு நாட்டில் யாருக்கும் ஏதாவது ஒரு குளத்துக்கரையில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், இருப்பார். கல்யாணப் பத்திரிகைகளைத் தூசி தட்டினால் கிடைத்துவிடுவார். காசு கொடுத்துத் தங்கும் பண்ணை வீடுகளிலும் நாயை அனுமதிக்கிறவை உண்டு. ஆனால் "நாய் வரலாம்" என்று அவர்கள் சொன்னதும் சரி என்று வைத்துவிடாதீர்கள். சுற்றிலும் ஆட்டுப்பட்டி எத்தனை, பக்கத்துத் தோட்டத்து நாய்களை ராத்திரி அவிழ்த்து விடுவார்களா என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்துக்கு நான் போவதில்லை.

ஏன் ஆட்டுப்பட்டி என்றால், அது கொரங்காட்டுச் சீமை. மேய்ச்சலுக்கென்றே விட்ட சொந்த நிலம்தான் கொரங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காலையில் செம்மறியை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் பொழுதோடு வந்து பார்த்தால் போதும், கூடவே ஒருவர் நிற்கத் தேவையில்லை. அந்த நிம்மதிதான் இப்போது போய்விட்டது. தெருநாய்க் கூட்டம் வேலிக்குள் புகுந்து ஒரே ராத்திரியில் பட்டியையே குதறிப் போட்டுவிடுகிறது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் கிடத்தி இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். அந்த ஊருக்குள் கோயமுத்தூரிலிருந்து ஒரு நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால் என்ன நினைப்பார்கள்?

முதல் தடவை நாங்கள் போய் இறங்கி, டிக்கியைத் திறந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கொரங்காட்டுப் பெரியவர் தடத்தில் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் தொரட்டி. என்னைப் பார்க்கவில்லை, பொன்னியின் வாயைத்தான் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, இது அவுத்து உடற நாயுங்களா?"

"இல்லீங்க. கயிறு கழட்டவே மாட்டோமுங்க."

"இங்க போன மாசந்தான் பதினோரு குட்டி போச்சு. வயித்த மட்டும் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சுக. திங்கக்கூட இல்ல."

அதற்கு என்ன பதில் சொல்வது? மாமா வந்து, "நம்ம அக்கா புள்ளைங்க" என்று அறிமுகம் செய்து வைத்தார். பொன்னி எங்கே கட்டப்பட்டிருப்பாள், எந்த நேரத்தில் தண்ணீருக்குக் கூட்டிப் போவோம், எந்தப் பக்கம் போகமாட்டோம் என்று மூன்றையும் அவரிடமே சொல்லி, ஆடு எந்நேரம் தண்ணிக்கு வரும் என்றும் கேட்டுக்கொண்டேன். காலை வெயில் ஏறியதும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அந்த நேரங்களில் பொன்னி கரைப்பக்கம் போவதே இல்லை. இதைப் போனதும் செய்துவிட வேண்டும், கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே. ராத்திரி எங்காவது ஆடு கத்தினால் முதல் சந்தேகம் புதிதாக வந்த நாயின் மேல்தான் விழும். அப்போது நம் பக்கம் பேச ஊரில் ஒருவராவது வேண்டும்.

கயிறு பற்றி: கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். ஆட்டைப் பார்த்துப் பாய்ந்தால் குரல்வளை இறுகும், அல்லது தலை உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ், அதில் முப்பது அடி நைலான் கயிறு. அந்த நீளத்துக்கு நாய் நீந்தவும் செய்யலாம், பிடி நம் கையிலும் இருக்கும். கழுத்துப் பட்டை தனியாக, அதில் போன் நம்பர் பொறித்த வில்லை. பொன்னிக்குச் சிவப்புத் துணியில் தைத்த ஒரு சட்டையும் போட்டுவிடுவோம். இது யாருடைய நாய் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அந்தச் சட்டையைப் பார்த்து ஊர்க் குழந்தைகள் சிரித்ததில் பொன்னிக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

பூச்சி மருந்து விஷயமும் ஆட்டோடு சேர்ந்ததுதான். நாயின் குடலில் வளரும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்து, புல் வழியாக ஆட்டுக்குள் போய், மூளையில் கட்டியாக வளரும். ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றிச் சாகும். அதனால் கிளம்புவதற்கு முன்பே குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். அங்கே போனதும் மலத்தை அள்ளிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். இதைச் செய்வதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெரியவர் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தார்.

மாதம் எது என்று கேட்டால் தை, மாசி. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் வாய்ப்பு அதிகம், வெயிலும் தாங்கும் அளவில் இருக்கும். பங்குனி பிறந்தால் தாராபுரம், கரூர் பக்கம் பகலில் நாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. ஆடியில் போகலாமே, குளிர்ச்சியாக இருக்குமே என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் கூடாரத்து முளைக்குச்சி எந்த மூலைக்கு? தண்ணீர் நிற்கிறதா என்பதையும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். உப்பாறு, வட்டமலைக்கரை போன்ற அணைகளில் மழையும் இல்லாமல், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீரும் விடாமல் போனால் சில வருடம் வெறும் மண்தான் இருக்கும்.

தை மாசியில் ஒரு இடைஞ்சல் உண்டு, கோயில் நோம்பி, அதாவது திருவிழா. பொன்னிக்கு வெடிச் சத்தம் ஆகாது. ஊரில் நோம்பி சாட்டியிருக்கிறார்களா, பக்கத்து ஊரில் கும்பாபிஷேகம் ஏதாவது இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் தேதி குறிப்போம். ஒலிபெருக்கியைக்கூடச் சமாளித்துவிடலாம், வாணவேடிக்கையைச் சமாளிக்க முடியாது. பயந்த நாய் கூடாரத்துத் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடினால், கொரங்காட்டு இருட்டில் எங்கே போய்த் தேடுவது?

கூடாரத்தை முதன்முதலாக அணைக்கரையில் பிரிக்கவே கூடாது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் ஒத்திகை நடந்தது. பொன்னிக்குக் கூடாரம் பிரச்சினையில்லை, ஜிப் சத்தம்தான் பிரச்சினை. வாசலை 'சர்'ரென்று இழுத்ததும் வாலைக் கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். கூப்பிட்டால் வரவில்லை. கெஞ்சுவதை விட்டுவிட்டு, சோற்றுத் தட்டைக் கூடாரத்தின் வாசலில் வைத்தோம். மறுநாள் ஒரு சாண் உள்ளே, அடுத்த நாள் நடுவில். அவள் தின்னும்போது என் பெண் வெளியில் நின்று ஜிப்பை ஒரு விரற்கடை மட்டும் இழுப்பாள், நிறுத்துவாள். காது ஒரு தடவை ஆடும், வாய் தட்டை விட்டு எழாது. அப்படி அப்படியே முழு ஜிப்புக்கு வந்தோம். கடைசியில் மாடியிலேயே ஒரு ராத்திரி எல்லோரும் படுத்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் காலையில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

நகம் கூடாரத்தின் தரையைக் கிழித்துவிடும். அடியில் தார்ப்பாய், உள்ளே பழைய ஜமுக்காளம், அதன்மேல் அவள் வீட்டில் படுக்கிற அதே சாக்கு. துவைக்காமல் எடுத்துப் போங்கள். அந்த வாசனைதான் புது இடத்தில் அவளைப் படுக்க வைக்கிறது. நகத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

பயணத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பல்லடம் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிட்டால் வாந்தி குறையும். டீக்கடையில் எல்லோரும் இறங்கிவிட்டு நாயை மட்டும் காரில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் டீயைக் காருக்கே வாங்கிக்கொண்டு வந்து குடிக்கட்டும்.

இறங்கியதும் மாமாவின் தோட்டத்து நாய் கருப்பன். தோட்டத்துக்குள் கூட்டிப்போய் நேராக அவன் முன்னால் நிறுத்தினால் சண்டைதான், அது அவன் வீடு. அதனால் மாமா அவனைத் தடத்துக்குக் கூட்டி வருவார். இரண்டையும் கயிற்றில் பிடித்தபடி, ஒரே திசையில், நடுவில் நாலு ஆள் இடைவெளி விட்டு நடப்போம். கொஞ்ச தூரம் போனதும் இரண்டும் ஒரே செடியை மோந்துவிட்டு அதன்மேலேயே மூத்திரம் போகும். அவ்வளவுதான், விசாரிப்பு முடிந்தது. சேர்ந்தே உள்ளே நுழைவோம்.

தண்ணீருக்கு வருவோம். வந்த கரை அழகாக இருக்கிறதே என்று நாயை நேராக இறக்கிவிடக் கூடாது. முதலில் நான் மட்டும் கரையோரம் நடந்து பார்த்துவிட்டு வருவேன். உடைந்த பாட்டில், தூண்டில் முள், அறுந்த வலை இந்த மூன்றும் எல்லாக் குளத்திலும் உண்டு. மீன்காரர்கள் கட்டி வைத்திருக்கும் வலையில் கால் சிக்கினால் நாய் பயந்து உருளும், உருள உருள வலை இறுகும். மிதவை தெரிகிற பக்கம் இறங்கவே வேண்டாம். வண்டல் மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கும், நாயைப் பிடிக்கக் கூட இறங்குகிறவருக்கு அதுதான் ஆபத்து. எந்தப் பக்கம் மண் எடுத்தார்கள் என்று உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள். பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியது போல ஏடு படர்ந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகை கல்லீரலைக் கெடுக்கும் விஷம். நாய் குடிக்காவிட்டாலும், நனைந்த மயிரை நக்கினாலே போதும். அந்த மாதிரி நாளில் பொன்னிக்குக் குளியல் இல்லை.

வாய்க்கால் இன்னும் மோசம். பி.ஏ.பி. வாய்க்காலிலும் கீழ்பவானியிலும் சிமெண்ட் பூசிய சரிவு இருக்கிற இடத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். விழுந்த நாயால் ஏற முடியாது, இழுக்கப் போனவரும் சேர்ந்து போவார். வாய்க்கால் கரையில் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தே நடத்துங்கள் என்று சிலர் சொல்வார்கள், நான் அந்தக் கரைக்கே போவதில்லை.

குடிக்கிற தண்ணீர் வீட்டிலிருந்து ஒரு கேன் கொண்டுபோவோம். நாய்க்குக் கிலோ எடைக்கு நாளுக்கு 50, 60 மில்லி கணக்கு. பொன்னிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரும், வெயிலில் ஓடியாடினால் இரண்டு மடங்கு. குளத்துத் தண்ணீரைக் குடிக்காமல் தடுக்க ஒரே வழி, இறங்குவதற்கு முன்னாலேயே வயிறு நிறையக் குடிக்க வைப்பதுதான். எலிக்காய்ச்சல் தேங்கிய தண்ணீரிலிருந்து நாய்க்கும் வரும். வருடாந்திரத் தடுப்பூசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி போட்ட அட்டையை எடுத்துப் போவது சொல்லாமலே செய்ய வேண்டியது.

கரையில் ஆள்காட்டிக் குருவி நம் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தால், கிட்டத்தில் வெறுந்தரையில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். மாசிக் கடைசியிலிருந்தே ஆரம்பித்துவிடும். வந்த வழியே திரும்பிவிட வேண்டியதுதான். வெள்ளோடு, நஞ்சராயன் குளம் மாதிரிப் பறவைகள் சரணாலயங்களுக்கு நாயைக் கூட்டிப்போகும் யோசனையே வேண்டாம். இரண்டும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள நீர்நிலைகள். பறவைகள் ஓய்வெடுக்கிற இடத்தில் ஒரு நாய் ஓடினால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும்.

சாப்பாடு எங்களுக்கு அரிசிம்பருப்புச் சாதம்தான். ஒரே குக்கர், ஒரே அடுப்பு, கூட நெய்யும் அப்பளமும். காய்ந்த புல் நடுவே விறகு மூட்டும் ஆசையை விட்டுவிட்டு கேஸ் அடுப்பு வைத்துக்கொள்கிறோம். அரிசிம்பருப்பில் சின்ன வெங்காயம் அள்ளிப் போடுவோம் இல்லையா, அது நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வெந்தாலும் அதே கதைதான். திராட்சையும் கூடாது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் பொன்னிக்குத் தனியாக ஒரு டப்பாவில் வீட்டுச் சோறும் அவித்த முட்டையும். புது இடத்தில் புதுச் சோறு போட்டால் ராத்திரி முழுக்க ஜிப்பைத் திறந்து மூட வேண்டியிருக்கும். மாமா வீட்டிலிருந்து பள்ளிபாளையம் சிக்கன் வந்தால், எலும்பை எண்ணி எடுத்துக் கவரில் கட்டி வைத்துவிடுவேன். வெந்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலில் குத்தும். மிச்சத்தை வெளியே கொட்டினாலோ, ஊர் நாய்கள் எல்லாம் நம் வாசலில்.

பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை நிழலை விட்டு நகர்வதில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்க வேண்டும். அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101, 102 பாரன்ஹீட் இருக்கும். இளைப்பு நிற்காமல், எச்சில் பிசுபிசுவென்று கெட்டியாகி, ஈறு செங்கல் நிறத்துக்கு வந்து, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு. சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி விசிறிக்கொண்டே வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும்.

பொழுது சாய்ந்ததும் தோட்டத்து நாய்களை அவிழ்த்து விடும் நேரம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் பகலிலேயே சொல்லி வைத்துவிடுவதால், எங்கள் ராத்திரிக்கு மட்டும் கட்டியே போட்டிருப்பார்கள். ஆனாலும் பொன்னியைக் கடைசியாக ஒன்றுக்குக் கூட்டிப் போகும்போது இரண்டு பேராகத்தான் போவோம், ஒருவர் கையில் தடி, ஒருவர் கையில் டார்ச். டார்ச் வெளிச்சம் நாயின் முன்னால் தரையில் விழ வேண்டும். தாராபுரத்துச் சரளை நிலத்தில் சுருட்டை விரியன் உண்டு, தோட்டத்தில் கண்ணாடி விரியன் உண்டு. கட்டுவிரியன் ராத்திரியில் படுக்கைக்குள்ளேயே வந்து புகும். கூடாரத்து ஜிப் முழுக்க மூடியிருக்க வேண்டும். கூடாரம் பிடிக்காதவர்கள் கயிற்றுக் கட்டிலில் படுக்கலாம், தரையில் மட்டும் வேண்டாம்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவது, கயிறு கட்டுவது எதுவும் செய்யாமல், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மனிதருக்குப் போடுகிற விஷமுறிவு மருந்தேதான் நாய்க்கும். அது எந்தக் கால்நடை மருத்துவமனையில் இருக்கும் என்று போவதற்கு முன்பே விசாரித்து எழுதி வைத்திருப்பேன். உடுமலையில் 2020-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல் பக்கம் போகிறவர்களுக்கு அங்கே 1985-லிருந்தே இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வருகிற கால்நடை ஊர்தி ஆடு மாட்டுக்காகவே முக்கியமாக ஓடுகிறது. அதை நம்பிக் காத்திருக்காமல் சொந்த வண்டியைத் தயாராக, முகப்பு ரோட்டைப் பார்த்தபடி நிறுத்தி வையுங்கள்.

ராத்திரி மயில் அகவும், எங்கேயோ மோட்டார் ஓடும், கருப்பன் ஒரு குரல் கொடுப்பான். ஒவ்வொன்றுக்கும் பொன்னி எழுந்து நிற்பாள். குரைப்பைத் திட்டி அடக்க முடியாது. கொசுவலை வாசலுக்கு மேல் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டோம், வெளியே நிழலாட்டம் தெரியாமல் போனதும் பாதிக் குரைப்பு அடங்கிவிட்டது. மீதிக்கு என் வீட்டுக்காரரின் கை அவள் விலாவில் கிடந்தால் போதும். அவருக்குத் தூக்கம் போனது தனிக்கதை. தை மாதக் கரையில் விடியற்காலைக் குளிர் நாய்க்கும் உறைக்கும், மயிர் குட்டையான நாட்டு நாய் சுருண்டு நடுங்கும். ஒரு கம்பளி அவளுக்கென்று தனியாக வேண்டும்.

காலையில் முதல் வேலை பாதம். நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் இல்லாத கரை கொங்கு நாட்டில் ஏது? பொன்னி நொண்டவே மாட்டாள், காலை மட்டும் நக்கிக்கொண்டே இருப்பாள். விரல்களைப் பிரித்து, நடுவில் இருக்கும் மெத்தென்ற சதையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் காலை வெடுக்கென்று இழுப்பாள். அங்கேதான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் முள்ளின் கறுப்பு முனை தெரியும். இடுக்கியால் போன வழியிலேயே இழுத்து, அயோடின் மருந்து தொட்டு வைப்பேன். கருவேல முள் உள்ளே முறிந்திருந்தால் நோண்டாமல் டாக்டரிடம் விட்டுவிடுவேன், சீழ் கோக்கும்.

அப்புறம் உண்ணி. ஆடு படுக்கிற இடத்தில் உண்ணி இல்லாமல் இருக்காது. போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ மாத்திரையோ கொடுத்துவிட வேண்டும். திரும்பி வந்த அன்றே காது மடலுக்குள், விரலிடுக்கில், வாலடியில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கிடைத்ததை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கணும். மண்ணெண்ணெய் ஊற்றுவதோ ஊதுவத்தியால் சுடுவதோ வேண்டாம், உண்ணி உள்ளிருப்பதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கிவிடும். உண்ணிக் காய்ச்சல் உடனே காட்டாது. ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் சோறு வேண்டாமென்று ஒதுங்கும், உடம்பு சுடும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் இரத்தம் வரும். அதற்குள் நமக்குத் தாராபுரம் போனதே மறந்திருக்கும். போய் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, டாக்டரிடம் போனதும் அதை முதலில் சொல்லி, இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.